இரண்டு வயரை மாற்றினால் போதும்

போன வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டாவது கிழமையில் தொடங்கியது இந்தக் கூத்து. இடம், பாலாவிக்குக் கிட்ட, புத்தளத்துக் கடலேரியான களப்போரம் இருக்கிற ஒரு தொழிற்சாலையின் பின்வளவு. பெயர் வேண்டாம். இன்னமும் இடைக்கிடை என்னை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். அதையும் கெடுத்துக்கொள்ள வேண்டுமா?

என் தொழில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுவது. மதுரங்குளியில் சின்னக் கடை. தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து முகாமில் கிடந்த காலத்தில் பழகிய வேலை, இன்றுவரை சோறு போடுகிறது. இந்தப் பக்கத்து இறால் பண்ணைகளில் குளத்துத் தண்ணீரை அடித்துக் காற்றேற்றுகிற சில்லு மோட்டார்கள் மாதத்துக்கு ஒன்றாவது உப்புத்தண்ணீரில் விழும். அதைக் கழுவி, காயவைத்து, கம்பி மாற்றி ஓடவிடுவேன். “உப்புத்தண்ணியில செத்த மோட்டாரா, நானாட்டக் கொண்டு போ” என்று ஊரில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சு பாலாவி வரைக்கும் போனதுதான் வினை.

அந்த வளவில் ஒரு பழைய டீசல் ரயில் எஞ்சின் நின்றது. கொழும்புக்கு ஓடுகிற அளவு பெரியது இல்லை. வளவுக்குள்ளேயே சரக்குப் பெட்டிகளை இழுத்துத் தள்ளுகிற குட்டி. ஒன்பது வருஷமாகத் தகரக் கொட்டிலுக்குள் களப்புக் காற்றைக் குடித்துக்கொண்டு நின்றது. டீசல் எஞ்சின் என்று சொல்கிறோமே தவிர, அதில் டீசல் சில்லைச் சுற்றுவதில்லை. டீசல் ஒரு பெரிய ஜெனரேட்டரைச் சுற்றும். அதிலிருந்து வருகிற கரண்ட், கீழே அச்சுக்கு ஒன்றாகத் தொங்குகிற இரண்டு மோட்டார்களைச் சுற்றும். டீசல் பகுதியை ஏற்கெனவே ஒருவர் ஓடவைத்துவிட்டார். கரண்ட் பகுதியைப் பார்க்கக் கொழும்பிலிருந்து வந்தவர்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி, “புது எஞ்சின் வாங்குங்கள்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்களாம்.

டீசலை ஓடவைத்தவர் பக்கத்துக் கடலோர ஊரான உடப்புக்காரர், அந்தக் கொட்டிலின் ஃபிட்டர். என் வயதுதான் இருக்கும். ஆனாலும் முஸ்லிம் ஆளை அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிற இந்தப் பக்கத்து வழக்கப்படி என்னை நானா என்பார், நான் அவரை மச்சான் என்பேன். பதினொரு வருஷமாக ஆறு மாதத்துக்கு ஒருக்கால் புதுப்பிக்கிற கொந்தராத்து வேலை அவருக்கு. எஞ்சின் ஓடினால் நிரந்தரமாக்குவதாக மெனேஜர் வாயால் சொல்லியிருந்தார். ஓடாவிட்டால் எஞ்சினை வெட்டி இரும்புக்குப் போடுவார்கள். கொட்டிலுக்கு ஆள் தேவைப்படாது. ஊருக்குப் போனால் கரைவலை இழுப்புத்தான். மனிசனின் வலது தோளோ ஒருக்கால் விழுந்து இறங்கிப்போன தோள். வலைக்கயிற்றைப் பிடித்து ஒரு நாள் இழுத்தால் மூன்று நாள் படுக்க வேண்டும். இதையெல்லாம் முதல் நாளே என்னிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டுத்தான் கேட்டார்:

“நானா, ரயில் எஞ்சின் மோட்டார் முன்ன பாத்திருக்கிறீங்களா?”

“பாத்திருக்கிறன்” என்றேன்.

பொய்யில்லை. சிலாபம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்ற நேரமெல்லாம் எத்தனையோ எஞ்சினைப் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து.

பிறகு தொடங்கியது ஆறு கிழமைச் சீவன் போகிற வேலை. தண்டவாளத்துக்குக் கீழே வெட்டிய குழிக்குள் மல்லாக்கப் படுத்து, மோட்டாரின் மூடியைக் கழற்றினால் முகத்தில் கறுப்புத் தூள் கொட்டும். ஒரு கிழமைக்கு நான் தும்மினால் கைலேஞ்சியில் மை. தலையணை உறையைத் தோய்த்துத் தோய்த்து மனைவிக்கு வெறுத்துப்போய், “நீங்க அந்தக் கொட்டிலிலேயே படுங்க, எஞ்சினுக்கும் துணையா இரிக்கும்” என்றாள். பழைய வயர்களின் ரப்பரைத் தொட்டால் காய்ந்த பாண் போல உதிர்ந்தது. எந்த வயர் எது என்று காட்டுகிற எண் தகடுகளை உப்பு முழுசாகத் தின்றுவிட்டது. எல்லாவற்றையும் கழுவி, துடைத்து, புது வயர் இழுத்து, செம்பு வளையத்தை உரஞ்சிப் பளபளப்பாக்கி, சாக்கால் கூடாரம் போட்டு உள்ளே பெரிய பல்புகளை எரியவிட்டுக் காயவைத்தோம்.

காயவைப்பதுதான் மனிசனைக் கொன்றது. சுருளிலிருந்து கரண்ட் இரும்புக்குக் கசிகிறதா என்று பார்க்க ஒரு மீட்டர் இருக்கிறது. பகல் முழுக்கப் பல்பு எரித்தால் பின்னேரம் முள் நல்ல இடத்துக்கு வரும். எனக்கும் உடப்பு மச்சானுக்கும் முகம் மலரும். இரவு களப்புக் காற்று அடித்து, காலையில் பார்த்தால் முள் பழைய இடத்தில் படுத்திருக்கும். திரும்பவும் பல்பு. இப்படியே பதினேழு நாள். எனக்கு அந்த முள்ளைக் கண்டால் கடன்காரனைக் கண்ட மாதிரி வந்துவிட்டது.

அந்தச் சலிப்பைத் தாங்க எனக்குத் தெரிந்த ஒரே மருந்து பகிடி. ஒரு நாள் ஒஃபிஸ் கிளாக்கைக் கூப்பிட்டு, “ஸ்டோர்ஸில கரண்ட் வடிகட்டுற துணி இரிக்கும், ரெண்டு முழம் வாங்கிட்டு வாங்க” என்று அனுப்பினேன். அவர் போய் உண்மையாகவே கேட்டிருக்கிறார். மெனேஜர் வரைக்கும் கதை போய், அவரும் சிரித்தார். மெனேஜர் சிங்களவர், என்னை நானா என்றும் உடப்பு மச்சானை, கைத்தொழில்காரரைக் கூப்பிடுகிற சிங்கள வழக்கப்படி, பாஸ் என்றும் கூப்பிடுவார். கெட்ட மனிசன் இல்லை. ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். ஆறாவது கிழமை வந்து, “சனிக்கிழமை காலையில் ஓட்டிக் காட்டுங்கள், இல்லாவிட்டால் என்னால் பேச முடியாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை பின்னேரம் கடைசிச் சோதனை. உடப்பு மச்சான் ஜக்கு வைத்து ஒவ்வொரு அச்சாகத் தூக்கினார். லொறி பற்றரி இரண்டைத் தொடுத்துக் கரண்ட் கொடுத்தேன். முதல் மோட்டார் மெல்ல மெல்லச் சில்லைச் சுற்றியது. எனக்கு அழுகை வந்தது. தூள்தான் காரணம் என்று சொன்னேன். அடுத்த அச்சைத் தூக்கி இரண்டாவது மோட்டாருக்குக் கொடுத்தால், அதுவும் சுற்றியது. ஆனால் மற்றப் பக்கம்.

“நானா, இது மாறிச் சுத்துது.”

“ரெண்டு வயரை மாத்தினாப் போதும் மச்சான்” என்றேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இறால் பண்ணை மோட்டாருக்கு மூன்று வயர் போகும். அது மாறிச் சுற்றினால் மூன்றில் எந்த இரண்டையும் இடம் மாற்றுங்கள், நேராகச் சுற்றும். இந்தக் கை முப்பது வருஷத்தில் ஆயிரம் தரமாவது அதைச் செய்திருக்கிறது. மூளையைக் கேட்பதே இல்லை. அன்றைக்கும் கேட்கவில்லை. கரண்ட் உள்ளே போகிற வயரையும் வெளியே வருகிற வயரையும் மாற்றிப் பூட்டி, டேப் சுற்றி, மூடியையும் போட்டுவிட்டேன்.

உடப்பு மச்சான் ஜக்கை இறக்காமல் நின்றார். “திரும்ப ஒருக்காக் கரண்ட் குடுத்துப் பாப்பமா?”

பற்றரியைக் கழற்றித் தள்ளி வைத்தாகிவிட்டது. எனக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்று இருந்தது. ஆனால் அதைச் சொல்லவில்லை. “உங்கட தோளுக்குக் கொஞ்சம் ஓய்வு குடுங்க மச்சான். முப்பது வருஷமா நான் மாத்தின மோட்டார் ஒண்டும் என்னை ஏமாத்தினதில்ல” என்றேன். என்னுடைய சோம்பலை அவருடைய தோளில் ஏற்றிவிட்டு, அதை அன்பு என்றும் நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை பத்து மணி. மெனேஜர் வெள்ளைச் சட்டையோடு வந்தார். ஒஃபிஸ் ஆட்கள் ஏழெட்டுப் பேர். ஒரு மேசையில் பெரிய ஜாடி நிறையப் பிளேன்டீ, பக்கத்தில் மேரி பிஸ்கட். உடப்பு மச்சான் எஞ்சினுக்குள் லீவரில் நின்றார். நான் வெளியே, படிக்கட்டுக்குப் பக்கத்தில், சுவிட்சுகள் இருக்கிற பெட்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். டீசல் ஒரே அடியில் பிடித்தது. ஆட்கள் கை தட்டினார்கள். நான் கல்யாண மாப்பிள்ளை மாதிரித் தலையை ஆட்டினேன்.

“குடுங்க மச்சான்!”

அவர் லீவரை ஒரு பல் நகர்த்தினார். எஞ்சினின் சத்தம் ஏறியது. முழு எஞ்சினும் தும்மல் வரப்போகிற ஆள் மாதிரி நடுங்கியது. நகரவில்லை.

ஒன்பது வருஷம் நின்ற சில்லு, இறுகியிருக்கும் என்று நினைத்தேன். “இன்னும் குடுங்க!”

இரண்டாவது பல். நடுக்கம் கூடியது. உடப்பு மச்சான் தலையை வெளியே நீட்டிச் சில்லுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்து ஏதோ கத்தினார். எனக்குக் கேட்கவில்லை. கேட்க விரும்பினேனா என்பதும் சந்தேகம். “குடுங்க, குடுங்க!” என்று கையை ஆட்டினேன்.

மூன்றாவது பல்லில் என் முகத்துக்கு முன்னால், பெட்டிக்குள், நீல வெளிச்சம் ஒன்று வெடித்தது. புது வயர் புகைந்து, பிறகு பற்றிக்கொண்டது.

இனி நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். முப்பது வருஷ அனுபவம் உள்ள மின்சார வேலைக்காரன் செய்தவை. முதலில், “சுவிட்சை இழுங்க!” என்று கத்தினேன். அந்தச் சுவிட்சு என் வலது கையிலிருந்து ஒரு முழத் தூரத்தில் இருந்தது. பிறகு மேசையிலிருந்த பிளேன்டீ ஜாடியைத் தூக்கி, கரண்ட் நெருப்பை நோக்கி வீசினேன். நெருப்பில் ஒரு சொட்டும் படவில்லை. எல்லாம் மெனேஜரின் வெள்ளைச் சட்டையில். அதற்குப் பிறகு ஓடினேன். என் கால்களுக்கு நான் உத்தரவு கொடுத்த ஞாபகம் இல்லை. அவை தாங்களாகவே முடிவெடுத்திருந்தன. களப்புச் சேற்றில் கணுக்கால் புதைந்தபோதுதான் நின்றேன். திரும்பிப் பார்த்தால் எஞ்சின் தீப்பெட்டி அளவில் தெரிந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை.

நான் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் உடப்பு மச்சான் லீவரைப் பின்னுக்கு இழுத்து, டீசலை நிற்பாட்டி, கீழே குதித்து, எரிகிற பெட்டிக்குள் கையை விட்டு அந்தச் சுவிட்சை இழுத்திருக்கிறார். பிறகு வாளி மண்ணைக் கொட்டி நெருப்பை அணைத்திருக்கிறார். நான் சேற்றுக் காலோடு திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் வலது உள்ளங்கையில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு நின்றார். துணிக்கு வெளியே தெரிந்த தோல் சிவந்து கொப்பளித்திருந்தது.

மெனேஜருடைய சட்டையிலிருந்து தேத்தண்ணி வடிந்துகொண்டிருந்தது. சிங்களத்தில், சத்தம் போடாமல்தான் கேட்டார். “பாஸ், எஞ்சின் நகராமல் நிற்கும்போது ஏன் அவ்வளவு தூரம் லீவரை இழுத்தாய்?”

உடப்பு மச்சான் என்னை ஒருக்கால் பார்த்தார். நான் என் சேற்றுக் காலைப் பார்த்தேன். அந்தக் காலில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

“தெரியாமப் போச்சு மாத்தயா” என்றார் அவர்.

“திங்கட்கிழமை வெட்டுகிற ஆட்களுக்குச் சொல்லப்போகிறேன். உன் கொந்தராத்து இந்த மாதத்தோடு சரி” என்று சொல்லிவிட்டு மெனேஜர் போனார். மற்றவர்களும் போனார்கள். பிஸ்கட் அப்படியே கிடந்தது. நானும் போனேன். “மச்சான், கைக்கு மருந்து போடுங்க” என்று மட்டும் சொன்னேன்.

பின்னேரம் ஃபோன் வந்தது. எடுக்கலாமா விடலாமா என்று மூன்று தரம் அடிக்கவிட்டு எடுத்தேன். ஏச்சு வாங்கத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டேன்.

“நானா, உங்கட செருப்பு ஒண்டு இங்க கிடக்குது. எடுத்து வச்சிருக்கிறன்.”

அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

அன்று இரவு ஒவ்வொரு வயராக மனதுக்குள் கழற்றிப் பார்த்தேன். எங்கே பிழை வந்தது? ஜெனரேட்டரா? உப்பா? கொட்டிலில் ஜின், பேய் ஏதும் இருக்குமோ என்றுகூட யோசித்தேன். என் மேல் பிழை வராத எந்த வழியையும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிய சுபஹுத் தொழுதுவிட்டுக் கடையைத் திறந்து சும்மா இருந்தபோது, மூலையில் ஒரு பழைய லொறியின் ஸ்டார்ட்டர் மோட்டார் கண்ணில் பட்டது. எஞ்சின் மோட்டாரும் அதுவும் ஒரே சாதி. ஒரு சுருள் வெளி ஓட்டிலேயே நிற்கும், ஒரு சுருள் நடுவில் சுற்றும், ஒரே கரண்ட் இரண்டுக்குள்ளாலும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். காலால் மிதித்துக்கொண்டு பற்றரியில் தொட்டேன். வலப்பக்கம் சுற்றியது. இரண்டு வயரையும் மாற்றித் தொட்டேன்.

வலப்பக்கமே சுற்றியது.

திரும்ப மாற்றினேன். வலப்பக்கம். திரும்பவும். எப்படி மாற்றினாலும் வலப்பக்கம். உள்ளே போகிற வயரையும் வெளியே வருகிற வயரையும் மாற்றினால் இரண்டு சுருளிலும் கரண்ட் சேர்ந்தே திரும்பும். சுற்றுவது பழைய பக்கமேதான். ஏதாவது ஒரு சுருளின் முனைகளை மட்டும் மாற்ற வேண்டும். ஆக, சனிக்கிழமை அந்த எஞ்சினின் இரண்டு மோட்டாரும் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றிருக்கின்றன. நான் வெளியே நின்று “குடுங்க, குடுங்க” என்று கத்தியிருக்கிறேன்.

மனைவி தேத்தண்ணியோடு வந்து பார்த்தாள். “காலங்காத்தால என்ன இது?”

“எப்புடி மாத்திக் குடுத்தாலும் ஒரே பக்கந்தான் சுத்துது.”

“அப்ப ஒங்கட சாதிதான்” என்று தேத்தண்ணியை வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, “என்ன நடந்த?” என்றாள். சொன்னேன். அவள் பகிடி விடவில்லை. “நாளைக்குப் போய்ச் சொல்லிடுங்க” என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை மோட்டார் சைக்கிளில் போகும்போது வழிநெடுகச் சிங்களத்தில் ஒத்திகை பார்த்தேன். ஒரு ஒத்திகையில் பிழை பாதி என்னுடையது, பாதி பழைய வயருடையது. இன்னொன்றில் கால்வாசிதான் என்னுடையது. பாலாவிச் சந்தியில் ரயில் கடவையில் நின்றபோது, அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்றும் தோன்றியது. பின்னால் நின்ற லொறிக்காரன் ஹோர்ன் அடித்து அடித்துத்தான் என்னை முன்னுக்குத் தள்ளினான்.

கொட்டிலில் உடப்பு மச்சான் இடக்கையால் தன் ஸ்பானர் சாவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஸ்டோர்ஸில் ஒப்படைக்க. அதைப் பார்த்ததும் என் ஒத்திகை எல்லாம் மறந்துபோனது. அவருடைய நல்ல கையைப் பிடித்து மெனேஜர் அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“மாத்தயா, பிழை என்னுடையது. நான் வயரை மாற்றிப் பூட்டிவிட்டேன். லீவரை இழுக்கச் சொன்னதும் நான்தான்.”

மெனேஜர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சிரித்தார். “நானா, உன் சிநேகிதனைக் காப்பாற்றப் பார்க்கிறாய். நல்ல மனது. கரண்ட் வடிகட்டுகிற துணி மாதிரிப் பகிடி கேட்க இன்றைக்கு எனக்கு நேரமில்லை.”

நான் சத்தியம் செய்தேன். அவர் இன்னும் சிரித்தார். வாழ்க்கையில் ஒருக்காலாவது உண்மையைத் தெளிவாகச் சொல்கிறேன், மனிசன் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்.

வெளியே ஓடி வந்தேன். மதுரங்குளிக்குத் திரும்பிப் போய், அந்த ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சாக்கில் கட்டி, பின்னால் வைத்துக்கொண்டு திரும்ப வந்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிருக்கும். கம்பெனி பிக்கப்பின் பற்றரியைக் கேட்டு வாங்கி, மெனேஜர் அறையின் சீமெந்துத் தரையில் வைத்தேன். பதற்றத்தில் மோட்டாரை மிதித்துக்கொள்ள மறந்து கரண்டைத் தொட்டுவிட்டேன். அது பூனை மாதிரித் துள்ளி எழும்பி, குப்பைக் கூடையைத் தட்டிவிட்டு, அலுமாரியில் மோதி நின்றது. மெனேஜர் கதிரையில் கால் இரண்டையும் தூக்கிக்கொண்டார். இந்த முறை சிரிக்கவில்லை.

மிதித்துக்கொண்டு திரும்பச் செய்தேன். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று காட்டினேன். வயரை மாற்றினேன். “பாருங்கள், அதே பக்கம்.” அவர் எழும்பி வந்து குந்திக்கொண்டார். “திரும்பச் செய்” என்றார். செய்தேன். கடைசியில் அவரே வயரை வாங்கி மாற்றித் தொட்டுப் பார்த்தார். அதே பக்கம். வயரைத் தரையில் போட்டுவிட்டு எழும்பினார்.

“அப்படியென்றால், சனிக்கிழமை நான் பாஸைக் கேட்டபோது உனக்கு இது தெரியாது.”

“தெரியாது மாத்தயா.”

“ஆனால் லீவரை இழுக்கச் சொன்னது நீ என்று தெரியும்.”

நான் குனிந்து பற்றரி வயரைச் சுருட்டினேன்.

அவர் ஃபோனை எடுத்து, வெட்டுகிற ஆட்களை அடுத்த கிழமை வரச் சொன்னார். எங்களுக்கு ஒரு கிழமை கிடைத்தது.

வெளியே வந்ததும் உடப்பு மச்சானிடம் கேட்டேன். “உங்களுக்குத் தெரியுமா?”

“தலையை நீட்டிப் பாத்தப்பவே தெரியும். முன் சில்லும் பின் சில்லும் ஒண்டை ஒண்டு பாத்துத் துடிச்சிச்சு. அதத்தான் கத்தினன்.”

“பிறகு ஏன் சொல்லல்ல?”

அவர் சாவிப்பெட்டியைக் கீழே வைத்தார். “உங்கட பிழை எண்டு எல்லாருக்கும் முன்னால சொன்னா, நீங்க வெக்கத்தில இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டீங்க. இந்த மோட்டார அவுக்க எனக்குத் தெரியாது. வேற ஆளும் வராது. என்ட தலையில கிடந்தா, மனசு கேக்காம வந்து பாப்பீங்க எண்டு நெனச்சன்.” பிறகு கொஞ்சம் யோசித்து, “நேத்து முழுக்க ஃபோன் வரும் எண்டு பாத்தன். வரல்ல. பயந்துட்டன்” என்றார்.

அந்தக் கிழமை ஜக்கை நான்தான் அடித்தேன். அவரை அடிக்க விடவில்லை. எரிந்த வயரை மாற்றி, இரண்டாவது மோட்டாரில் நிற்கிற சுருளின் முனைகளை மட்டும் மாற்றிப் பூட்டினேன். அச்சைத் தூக்கிப் பார்த்தோம். இறக்கிவிட்டுத் திரும்பவும் தூக்கிப் பார்த்தோம். மூன்றாம் முறையும் பார்ப்போம் என்று நான் சொன்னபோது, “நானா, ஜக்கு செத்துப்போகும்” என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து ஓட்டினோம். கூட்டம் இல்லை, பிஸ்கட் இல்லை. மெனேஜர் தூரத்தில் நின்றார், கறுப்புச் சட்டையோடு. உடப்பு மச்சான் இடக்கையால் லீவரை ஒரு பல் நகர்த்தினார். எஞ்சின் ஒரு முனகல் முனகிவிட்டு, நகர்ந்தது. மூன்று பெட்டி தூரம் போய், நின்று, திரும்பி வந்தது. மாட்டு வண்டி அதைவிடக் கெதியாகப் போயிருக்கும். நாங்கள் கத்தவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. இரண்டு பேரும் தண்டவாளத்தில் குந்திக்கொண்டோம்.

அந்த எஞ்சின் இப்போதும் பெட்டி தள்ளுகிறது. உடப்பு மச்சானுக்கு ஒரு வருஷக் கொந்தராத்துக் கொடுத்தார்கள். நிரந்தரக் கடிதம் “மேலயிருந்து வரணும்” என்கிறார்களாம். நான் இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் போய் மோட்டார்களைத் துடைத்துவிட்டு வருகிறேன். அவருடைய உள்ளங்கை ஆறிவிட்டது. ஆனால் சாவியை இறுக்கிப் பிடிக்கும்போது இரண்டு விரல் முழுசாக மடங்குவதில்லை.

பிளேன்டீ வீசிய கதையையும் சேற்றுக்குள் ஓடிய கதையையும் நான் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் அந்த மனிசன் வெந்த கையோடு பழியை வாங்கிக்கொண்டு நின்றபோது நான் என் காலைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்றேனே, அந்த அரை நிமிஷத்தை மட்டும் பகிடியாக்கிச் சொல்ல எனக்கு இன்றுவரை வருவதில்லை.